14 நகர்வில் முடியும் ஆட்டமும் உலகப் பட்டத்தை முடிவுசெய்த ஆட்டமும்: 'பெர்லின் சுவர்' ஒரு விளக்கம்

பெரிய செஸ் போட்டிகளின் முடிவுப் பட்டியலில் அவ்வப்போது ஒரு வரி கண்ணில் படும்: 'பெர்லின் தற்காப்பு, 14 நகர்வுகள், டிரா'. இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் உட்கார்ந்தார்கள், ராணியை முன்னும் பின்னுமாக நகர்த்தினார்கள், கைகுலுக்கிவிட்டு எழுந்து போனார்கள். பார்த்தவர்களுக்குக் கோபம் வருகிறது. 'இதற்காகவா காத்திருந்தோம்?' என்று கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதே பெர்லின்தான் 2000-இல் உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவின் 15 ஆண்டு ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரப் பெரும் காரணமாக இருந்தது. 2014-இல் சோச்சியில் விஸ்வநாதன் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக ஆடிய கடைசி ஆட்டமும் பெர்லின்தான். ஒரே தொடக்கம் ஒரு நாள் 14 நகர்வில் உறங்கிப்போகிறது, இன்னொரு நாள் உலகப் பட்டத்தை முடிவுசெய்கிறது. இது எப்படி என்பதை முதல் நகர்விலிருந்தே பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

வெள்ளைக் காய்களின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், பலகையின் நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கிடைவரிசைகள் நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8. எனவே 'இ4' என்றால் இ வரிசையின் நான்காவது கட்டம். வெள்ளை ஒரு முறையும் கறுப்பு ஒரு முறையும் ஆடினால் அது ஒரு நகர்வு. மூலையில் நிற்கும் காயை நம் வழக்கப்படி யானை என்றே இங்கே சொல்கிறேன். மூலைவிட்டமாகப் போகும் காய், பல வீடுகளில் மந்திரி என்று சொல்வது, இங்கே பிஷப்.

ஆட்டக்காரர்கள் 'ஓப்பனிங்' என்று சொல்லும் தொடக்கம், முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளில் காய்களை வெளியே கொண்டுவரும் கட்டம். அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். மனப்பாடம் உண்டுதான். ஆனால் அந்தப் பத்து நகர்வுகளில் அதைவிடப் பெரிய ஒன்று தீர்மானமாகிறது: இன்று எந்த வகையான ஆட்டம் ஆடப்போகிறோம் என்பது. திறந்த வெளியில் ராணிகளோடு வெட்டிக்கொள்ளும் ஆட்டமா, மெதுவாக நெருக்கும் ஆட்டமா, ராணிகளே இல்லாத பொறுமையான ஆட்டமா என்பதை இந்த நகர்வுகள்தான் முடிவுசெய்கின்றன. பெர்லினைப் புரிந்துகொள்ள இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எட்டு நகர்வுகள்

1. வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5. நடுப்பலகையில் இருவரும் இடம் பிடிக்கிறார்கள்.

2. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து இ5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து அதைக் காக்கிறது.

3. வெள்ளை பிஷப் பி5-க்குப் போகிறது. சிப்பாயைக் காக்கும் சி6 குதிரையின் மீதே இப்போது குறி. இதற்கு ஸ்பானிஷ் தொடக்கம் என்று பெயர். 1561-இல் செஸ் நூல் எழுதிய ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயராலும் அழைக்கிறார்கள். கறுப்பு வழக்கமாக ஏ வரிசைச் சிப்பாயை ஏ6-க்கு நகர்த்தி பிஷப்பை விரட்டும். பெர்லினில் அப்படிச் செய்வதில்லை. குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து, 'என் சிப்பாயை நீ தாக்கினால் உன் இ4 சிப்பாயை நான் தாக்குகிறேன்' என்கிறது.

4. வெள்ளை காஸ்லிங் செய்கிறது, அதாவது ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்துகிறது. கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை எடுத்துவிடுகிறது.

5. வெள்ளை டி4 ஆடி நடுப்பலகையைத் திறக்கிறது. கறுப்புக் குதிரை டி6-க்குப் பின்வாங்கி பி5 பிஷப்பைத் தாக்குகிறது.

6. பிஷப் சி6 குதிரையை எடுக்கிறது. கறுப்பு டி7 சிப்பாயால் அதைத் திருப்பி எடுக்கிறது.

7. வெள்ளையின் டி4 சிப்பாய் இ5-ஐ எடுத்து, டி6 குதிரையைத் தாக்குகிறது. குதிரை எஃப்5-க்குப் போகிறது.

8. டி வரிசை திறந்துவிட்டது. வெள்ளை ராணி டி8-இல் உள்ள கறுப்பு ராணியை எடுத்துச் செக் சொல்கிறது. கறுப்பு ராஜாவே வந்து அதை எடுக்க வேண்டும்.

எட்டே நகர்வில் இரண்டு ராணிகளும் பலகையை விட்டுப் போய்விட்டன. கறுப்பு ராஜா நகர்ந்துவிட்டதால் இனி அதற்குக் காஸ்லிங் கிடையாது.

கறுப்பு ஏன் இதற்குச் சம்மதிக்கிறது?

பள்ளியில் செஸ் கற்றுக்கொடுக்கும் யாரும் இந்த நிலையைப் பார்த்தால் கறுப்பைக் கண்டிப்பார்கள். காஸ்லிங் போயிற்று. ராஜா நடுவில் நிற்கிறது. சி வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். கற்றுக்கொண்ட விதிகளில் பாதி மீறப்பட்டுவிட்டன.

சிப்பாய்க் கணக்கை எண்ணிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும். இருவருக்கும் ஏழு ஏழு சிப்பாய்கள். பலகையின் வலது பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. இடது பக்கத்தில் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. எண்ணிக்கை சமம்தான். ஆனால் நான்கு சிப்பாய்கள் மூன்றை எதிர்த்து முறையாக முன்னேறினால், ஒன்று எதிர்ப்பே இல்லாமல் கடந்து போய் ராணியாகலாம். வெள்ளையின் நான்குக்கு அது முடியும். கறுப்பின் நான்கில் இரண்டு ஒரே வரிசையில் முட்டிக்கொண்டு நிற்பதால், வெள்ளை கவனமாக இருந்தால் அந்த நான்கும் மூன்றைத் தாண்டாது. எனவே மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் வெள்ளை வெல்லும். பெர்லின் ஆடும் கறுப்பு இந்த உண்மையை ஆட்டம் முழுவதும் தலைமேல் சுமந்துகொண்டுதான் ஆடுகிறது.

இதற்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைப்பது என்ன?

1. ராணி இல்லாத பலகையில் நடுவில் நிற்கும் ராஜாவை மாட்டுவது மிகக் கடினம். காஸ்லிங் போனது உண்மையான இழப்புதான், ஆனால் உயிர்போகும் இழப்பு அல்ல.

2. கறுப்புக்கு இரண்டு பிஷப்கள். வெள்ளையிடம் ஒன்றுதான் மிச்சம். பலகை திறந்துகொண்டால் இந்த ஜோடி பலம் காட்டும்.

3. இதுதான் உயிர்நாடி. வெள்ளையிடம் மிஞ்சியிருப்பது கருங்கட்ட பிஷப், அதாவது கறுப்புக் கட்டங்களில் மட்டுமே போகக்கூடியது. வெள்ளையின் பெருமைக்குரிய இ5 சிப்பாய் நிற்பதும் கருங்கட்டத்தில். தன் பிஷப்பின் வழியைத் தன் சிப்பாயே அடைத்துக்கொண்டு நிற்கிறது. எஃப்5, இ6, டி5 ஆகிய வெண்கட்டங்களுக்கு வெள்ளையிடம் காவல்கார பிஷப் இல்லை. அங்கே கறுப்பின் குதிரையும் பிஷப்பும் வந்து உட்கார்ந்துகொண்டால் அந்த நான்கு சிப்பாய்களும் முன்னேற வழியில்லாமல் நின்றுவிடும்.

கறுப்பின் நிலை அழகாக இல்லை. ஆனால் அதில் உடைக்க ஒரு விரிசலும் இல்லை. இதைச் சுவர் என்று அழைத்தது மிகப் பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது. 1989-இல் இடிக்கப்பட்ட சுவரின் பெயர் இந்தத் தொடக்கத்துக்கு ஒட்டிக்கொண்டது 2000-இல் லண்டனில் நடந்ததற்குப் பிறகுதான்.

லண்டன், 2000: யாருக்கு எதிராக இந்தச் சுவர்?

பெர்லின் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உயர்மட்ட ஆட்டக்காரர்கள் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டத் தொடரில் ரஷ்ய ஆட்டக்காரர் விளாதிமிர் கிராம்னிக் அதைத் தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம், எதிரில் உட்கார்ந்திருந்தவர் காஸ்பரோவ் என்பதே.

காஸ்பரோவின் தயாரிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஆனந்தே சாட்சி. 1995-இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையக் கட்டடத்தில் இருவரும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவது ஆட்டத்தில் ஸ்பானிஷ் தொடக்கத்தின் ஒரு கூர்மையான கிளையில், 14-ஆவது நகர்வில் பிஷப்பை சி2-க்குப் பின்னிழுத்து, ஏ1 மூலையில் இருந்த யானையை ஆனந்தின் ராணி எடுத்துக்கொள்ளட்டும் என்று காஸ்பரோவ் விட்டுவிட்டார். வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுவந்த தாக்குதல் அது. ஆனந்த் பலகையின் முன் உட்கார்ந்து தனியாக யோசித்து அதற்கு விடை காண வேண்டியிருந்தது. காண முடியவில்லை. தொடரும் 10½–7½ என்று காஸ்பரோவ் பக்கம் போயிற்று.

அந்தத் தொடரில் காஸ்பரோவுக்கு உதவிய குழுவில் இளம் கிராம்னிக்கும் இருந்தார். அந்தச் சமையலறையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். ராணிகள் இருக்கும் திறந்த ஆட்டத்தில், புதிய யோசனைகளின் மலை ஒன்றோடு வரும் காஸ்பரோவோடு போட்டி போடுவதில் பயனில்லை. அவரை வேறு மைதானத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

2000 அக்டோபர் 8-ஆம் தேதி முதல் ஆட்டம். காஸ்பரோவ் வெள்ளை. மேலே சொன்ன எட்டு நகர்வுகளும் அப்படியே நடந்தன. அதன் பிறகு கிராம்னிக்கின் காய்கள் போன வழியைக் கவனியுங்கள். ராஜா டி8-இலிருந்து சி8, பிறகு பி7, பிறகு மறுபடியும் சி8. எஃப்5-இல் இருந்த குதிரை 13-ஆவது நகர்வில் இ7-க்குப் போனது, அங்கிருந்து ஜி6, மறுபடி இ7, 25-ஆவது நகர்வில் புறப்பட்ட இடமான எஃப்5-க்கே திரும்பி வந்தது. அங்கேயே டிரா. மேலோட்டமாகப் பார்த்தால் கறுப்பு ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் இடையில் எச் சிப்பாய் எச்4 வரை ஏறிவிட்டது. அதன் பின்னால் யானை எச்5-க்கு வந்துவிட்டது. பிஷப் இ6 வெண்கட்டத்தில் அமர்ந்துவிட்டது. இ5 சிப்பாய்க்கு முன்னால் எல்லாக் கதவும் சாத்தப்பட்டிருந்தது.

காஸ்பரோவ் மூன்றாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் ஆட்டங்களிலும் இதே சுவரை மோதினார். நான்கும் டிரா. 15 ஆட்டங்களில் எட்டில் வெள்ளைக் காய்கள் அவர் கையில் இருந்தன. ஒன்றில்கூட வெல்லவில்லை. கிராம்னிக் தனக்கு வெள்ளை கிடைத்த இரண்டாவது, பத்தாவது ஆட்டங்களில் வென்று 8½–6½ என்று பட்டத்தைக் கைப்பற்றினார். ஒரு ஆட்டத்தில்கூட வெல்லாமல் உலகச் சாம்பியன் பட்டத்தை இழந்தது 1921-இல் கபாபிளாங்காவிடம் லாஸ்கர் தோற்ற பிறகு அதுவே முதல் முறை.

பெர்லின் கிராம்னிக்குக்கு ஒரு வெற்றிகூடத் தரவில்லை என்பது கவனிக்க வேண்டியது. காஸ்பரோவின் வெள்ளைக் காய்களிலிருந்து அவற்றின் கூர்மையை அது பிடுங்கிக்கொண்டது. வெள்ளை என்பதே ஒரு சாதகம் என்று வாழ்ந்த ஒருவருக்கு அந்தச் சாதகம் இல்லாமல் போனது. இதைச் சலிப்பான செஸ் என்று அன்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. எதிராளியை இவ்வளவு ஆழமாகப் படித்து, அவருக்குப் பிடிக்காத ஒரே நிலத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே நான்கு முறை தோற்காமல் நின்றது செஸ் வரலாற்றின் மிகச் சிறந்த தயாரிப்புகளில் ஒன்று.

அப்படியானால் அந்த 14 நகர்வு டிரா?

அது வேறு கிளை. பிரிவது ஆறாவது நகர்வில். வெள்ளை சி6 குதிரையை எடுக்காமல், டி4 சிப்பாயால் நேராக இ5-ஐ எடுக்கிறது. பிறகு நடப்பது இது:

1. கறுப்புக் குதிரை பி5 பிஷப்பை எடுக்கிறது. வெள்ளை ஏ4 ஆடி அந்தக் குதிரையைத் தாக்குகிறது.

2. குதிரை டி4-க்குப் போகிறது. அங்கே அடுத்தடுத்து மூன்று வெட்டு: குதிரைகள் எடுபட்டு, கடைசியில் வெள்ளை ராணி டி4-இல் நிற்கிறது.

3. கறுப்பு டி5 ஆடுகிறது. இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை, அது ஒரு கட்டமே நகர்ந்தது போல எடுக்கலாம் என்ற சிறப்பு விதிப்படி இ5 சிப்பாய் அதை டி6-இல் எடுக்கிறது. கறுப்பு ராணி திருப்பி எடுக்கிறது. இது பத்தாவது நகர்வு.

4. வெள்ளை ராணி இ4-இல் செக். கறுப்பு ராணி இ6-இல் மறிக்கிறது. வெள்ளை ராணி டி4-க்குத் திரும்புகிறது. கறுப்பு ராணி டி6-க்குத் திரும்புகிறது. மறுபடி செக், மறுபடி மறிப்பு, மறுபடி திரும்புதல்.

10, 12, 14-ஆவது நகர்வுகளின் முடிவில் பலகை ஒரே மாதிரி இருக்கிறது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம் என்பது விதி. நடுவர் சரிபார்ப்பார், ஆட்டம் முடிந்தது. பல போட்டிகளில் 'இத்தனை நகர்வுக்கு முன் டிரா பேசக் கூடாது' என்று நிபந்தனை வைக்கிறார்கள். ஆனால் இங்கே யாரும் பேசவே இல்லை. நிலை திரும்பி வந்தது, அவ்வளவுதான். அதனால் அந்த நிபந்தனை இதைத் தடுப்பதில்லை.

இந்தக் கிளையைத் தேர்ந்தெடுப்பது வெள்ளை. ராணியைத் திரும்பத் திரும்ப நகர்த்துவதைத் தொடங்குவதும் வெள்ளை. வெல்வதற்கு முதல் உரிமை உள்ள பக்கம் அன்று அரைப் புள்ளி போதும் என்று முடிவு செய்துவிட்டது. பழி மட்டும் கறுப்பு ஆடிய பெர்லின் மீது விழுகிறது. இது நியாயமில்லை.

பிறகு வெள்ளை என்ன செய்தது?

லண்டனுக்குப் பிறகு ஸ்பானிஷ் ஆட விரும்பிய எல்லோருக்கும் இந்தச் சுவர் ஒரு கேள்வியாக நின்றது. பலர் நான்காவது நகர்வில் காஸ்லிங் செய்யாமல் டி3 ஆடி, ராணிகளைப் பலகையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆடத் தொடங்கினார்கள். சிலர் ஐந்தாவது நகர்வில் யானையை இ1-க்குக் கொண்டுவந்தார்கள். மனிதர்களின் ஆட்டங்கள் எதையும் பார்க்காமல் தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்ட ஆல்பாஸீரோ என்ற கணினி நிரலும், ஸ்பானிஷுக்கு எதிராகக் கறுப்பில் பெர்லினையே விரும்பித் தேர்ந்தெடுத்தது.

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகப் பட்டத் தொடரில், நான்காவது ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் கறுப்பில் பெர்லின் ஆடினார். எட்டு நகர்வில் ராணிகள் வெளியேறிய அந்த ஆட்டம் 64 நகர்வுகள் நீண்டது. கார்ல்சனின் பிஷப் ஏ2 சிப்பாயை எடுத்துக்கொண்டது. ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் ஆனந்த் போராடி டிரா வாங்கினார். பெர்லின் என்றாலே உயிரில்லாத ஆட்டம் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை ஒரு முறை ஆடிப் பார்க்க வேண்டும்.

சோச்சி, 2014: நடந்து வந்த ராஜா

ஒரு வருடம் கழித்து, நவம்பர் 23. ரஷ்யாவின் சோச்சியில் பதினொன்றாவது ஆட்டம். கார்ல்சன் 5½, ஆனந்த் 4½. இன்னும் இரண்டே ஆட்டங்கள். கார்ல்சனுக்கு வெள்ளை. இந்த முறை கறுப்பில் பெர்லின் ஆடியவர் ஆனந்த்.

ராணிகள் இல்லாத பலகையில் ராஜாவும் ஒரு போர்வீரன் என்பதை இந்த ஆட்டத்தைப் போலத் தெளிவாகக் காட்டுவது அரிது. ஆனந்தின் ராஜா டி8-இலிருந்து சி8, பி7, பிறகு சி6 என்று முன்னே வந்தது. கார்ல்சனின் ராஜா ஜி1-இலிருந்து எச்2, ஜி3, எஃப்3 வழியாக நடந்து 27-ஆவது நகர்வில் இ4-இல், நட்டநடுப் பலகையில் வந்து நின்றது. ராணிகள் இருந்திருந்தால் இரண்டு ராஜாக்களும் பத்து நகர்வு தாங்கியிருக்க மாட்டா.

23-ஆவது நகர்வில் ஆனந்த் பி5 ஆடி இடது பக்கத்தை உடைத்தார். அருமையான நகர்வு. அந்த இரட்டைச் சிப்பாய்கள் இருந்த பக்கத்திலிருந்தே, பலவீனம் என்று எல்லோரும் சொன்ன இடத்திலிருந்தே, கறுப்பு எழுந்து வந்தது. அந்த நேரத்தில் அவர் தாராளமாகத் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் தொடரில் ஒரு புள்ளி பின்னால் இருப்பவருக்கு டிரா போதாது. 27-ஆவது நகர்வில் யானையை பி4-இல் வைத்து, பிஷப் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். யானை போய், பதிலுக்கு பிஷப் மட்டும் கிடைக்கும் பேரம் அது. ஈடாக சி4 சிப்பாயும், பி வரிசையில் தடையற்ற ஒரு சிப்பாயும் கிடைக்கும் என்ற கணக்கு. பலகையில் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

கார்ல்சன் பிஷப்பால் யானையை எடுத்தார். எஃப்4 ஆடி வலது பக்கத்தைத் திறந்தார். யானை டி7-க்குள் புகுந்து, 35-ஆவது நகர்வில் எஃப்7 சிப்பாயை எடுத்தது. அதுவரை இ5 சிப்பாயின் வழியை அடைத்திருந்த கடைசிக் கறுப்புச் சிப்பாய் அதுதான். ஏழாவது நகர்வில் இ5-க்கு வந்த அந்தச் சிப்பாய், 33 நகர்வுகள் அசையாமல் நின்றுவிட்டு, 40-ஆவது நகர்வில் இ6-க்கு அடி எடுத்து வைத்தது. ஆனந்தின் ஏ, பி சிப்பாய்களும் ஓடின, ஏ3 வரையும் பி3 வரையும் வந்தன. 45-ஆவது நகர்வில் கார்ல்சனின் ராஜா சி3-க்குத் திரும்பி வந்து அவற்றின் முன்னால் நின்றது. ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதோடு தொடரும் முடிந்தது, பட்டம் கார்ல்சனிடமே நின்றது.